வள்ளத்தில் நட்ட சம்பங்கி

அன்று விடியும்போதே எங்கள் வளவுக்குள் நாய்ச் சண்டை. எங்கள் தெரு நாய்கள் போதாதென்று மீன்வாடிப் பக்கத்து நாய்களும் வந்திருந்தன. வேலி நெடுகக் காகங்கள். வேலிக்கு வெளியே ஒரு கழுதை, தனக்கும் ஏதாவது கிடைக்குமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சம்பங்கிப் பாத்தி இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தன. நான் ஆசை ஆசையாக நட்ட கிழங்குகள் வளவெல்லாம் சிதறிக் கிடந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டியடியில். இன்னொன்று என் செருப்புக்குள்.

ஒரு நாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டு என்னைத் தாண்டி ஓடியது. பார்த்தால் சாளை மீன். நான் அந்தப் பாத்தியில் கிழங்குதான் நட்டேன். சத்தியமாக மீன் நடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் றீற்றா மச்சாள் நின்றாள். என் கணவர் சூசையின் அக்கா. கையில் செம்பு, வாயில் பற்பொடி. சிரிப்பை அடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எடி ஜசிந்தா, இந்தியாவில பூக்கண்டுக்குக் கீழ மீனையும் புதைக்கிறவையோ?"

"நான் ஏன் மச்சாள் மீனைப் புதைக்கப்போறன்?"

"அப்ப என்ன, மீன் தானா நடந்து வந்து படுத்ததோ?"

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சூசை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தால் கடற்கரைக்கு நழுவப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கூட இருந்த எனக்கு அவருடைய நடை தெரியாதா? ஒன்றும் செய்யாத மனிதன் அப்படி நடக்க மாட்டான்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ!"

நின்றார். அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், அந்தக் கிழங்குகள் எனக்கு ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பூக்கிழங்குக்கு இந்த மனுசி ஏன் இப்படித் துள்ளுகிறாள் என்று நினைப்பீர்கள். அன்று எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது.

வெறுங்கை அந்தோனியார்

எங்கள் தீவின் கரையில் உள்ளது அந்தோனியார் கோயில். சின்னக் கோயில். திருநாளுக்குச் சுவாமி, அதாவது பாதிரியார், வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரான மூப்பர் செபமாலை சொல்லுவார். உள்ளே இருக்கும் அவருடைய சிலை, எங்கள் பேச்சில் சுரூபம், ஒரு கைக்குழந்தையின் உயரம்தான்.

அந்தோனியாரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு ஒரு கையில் குழந்தை யேசு, மறு கையில் வெள்ளை லீலி மலர். எங்கள் அந்தோனியாரிடம் லீலி இல்லை. சண்டைக் காலத்தில் ஒருமுறை கரையே கிளம்பி ஓடியபோது, யாரோ அவரைச் சாரத்தில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தை யேசுவுக்கு ஒரு கீறலும் இல்லை. லீலி மட்டும் முறிந்து கடலோடு போய்விட்டது. மடங்கிய விரல்களும் நடுவில் ஒரு ஓட்டையுமாக, எதையோ பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

அந்தச் சுரூபத்துக்கு முன்னால்தான் சூசை எனக்குத் தாலி கட்டினார். கலியாணச் சீலையின் மடிப்புக் கலைய முன்னரே வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். கொஞ்சநாளில் திரும்பிவிடலாம் என்று போன பயணம். தலையில் நரை விழுந்த பிறகு, சண்டை ஓய்ந்து, மற்றக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பிய காலத்தில்தான் நாங்களும் வந்து சேர்ந்தோம்.

வந்த மறுநாள் கோயிலுக்குப் போனேன். அந்தோனியாரின் கையில் ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூ. சிவப்பாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது அது பல் விளக்கிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அதைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

நாங்களும் அவரைப் போலத்தான் வந்திருந்தோம். போகும்போது கையில் இருந்த எதுவும் வரும்போது இல்லை. இந்தியாவில் இருந்த காலமெல்லாம் எனக்குப் பெயர் 'சிலோன்காரி'. இங்கே வந்தால் 'இந்தியாக்காரி'. எங்கே இருந்தாலும் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரியாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது போலும்.

பூக்காட்டுக் கூலி

இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது நான் கூலிக்குப் போனது சம்பங்கித் தோட்டத்துக்கு. சில ஊர்களில் நிலச்சம்பங்கி என்பார்கள். வெங்காயத்தைப் போல மண்ணுக்குள் கிழங்கு, மேலே புல்லுப் போல நீண்ட இலை, நடுவில் ஒரு தண்டு. தண்டு நெடுக வெள்ளை மொட்டுகள், கீழே இருந்து மேலாக ஒவ்வொன்றாய் விரியும். வாசம் என்றால் அப்படி ஒரு வாசம். பொழுது சாயும்போதுதான் அது முழுசாய் எழும்பும்.

மீன் வாடைக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். முதல் கிழமை அந்த வாசம் எனக்குத் தலையிடியாக இருந்தது. பனியில் பாவாடை நனைய நனையப் பூப்பறித்துவிட்டு வந்து, மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் சம்பங்கி மணக்கும். "எனக்கு இண்டைக்குப் பூக்கறியோ?" என்று சூசை கேட்பார். பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு பிடித்தும் விட்டது.

ஊருக்குத் திரும்புகிறோம் என்று தோட்டக்கார அம்மாவிடம் சொல்லப் போனபோது, அவர் ஒரு கூடைக் கிழங்கை என் முன்னால் கொட்டினார்.

"முந்தானையில எவ்வளவு கட்ட முடியுமோ கட்டிக்க. உங்க ஊர்ல மண்ணு எப்படி?"

"மணல் அம்மா. கடற்கரை மணல்."

"மணல்னா சந்தோசமா வரும். உப்புதான் ஆகாது. பாத்துக்க."

பாத்துக்க என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் பிறகு பட்டபாடு கொஞ்சமல்ல.

கொழும்பு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். காய்ந்து, மண் ஒட்டி, ஒன்றுக்கும் உதவாத சாமான் போலக் கிடந்தது. சிங்களத்தில் என்னவோ கேட்டார். எனக்குச் சிங்களமும் தெரியாது, பொய்யும் வராது. கையை எடுத்துக் கொண்டைக்குப் பக்கத்தில் வைத்து, பூச்சூடுகிற மாதிரிக் காட்டினேன். பிறகு மூக்கை உறிஞ்சிக் கண்ணை மூடினேன். அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, முடிச்சைத் திருப்பிக் கட்டித் தந்தார்.

நாக்கு செய்த வேலை

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கோயிலில் கூட்டம் வைத்தார்கள். மூப்பர் எழுந்து ஒரு நல்ல செய்தி சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் புதுச் சுரூபம் வாங்கித் தருகிறதாம். கொழும்பில் சொல்லியாகிவிட்டதாம். யூன் மாதம் வரும் அந்தோனியார் திருநாளுக்கு அவர்தான் கூட்டில் ஏறுவாராம். கூடு என்றால், சுரூபத்தை வைத்துச் சோடித்துத் தோளில் சுமந்து ஊர்வலம் போவோமே, அது.

"அப்ப பழையவர்?" என்று கேட்டேன்.

"பழையவரை உள்ளுக்க, சாமான் அறையில வைப்பம் பிள்ளை. கையில ஒண்டும் இல்லாமல் நிக்கிறார். சனத்துக்கு முன்னால கொண்டுபோக வடிவில்லை."

மூப்பர் கெட்ட மனிதர் அல்ல. சண்டைக்குள்ளும் முடிந்தமட்டும் அந்தக் கோயிலில் விளக்கு அணையாமல் பார்த்தவர் அவர்தான். ஆனால் 'கையில ஒண்டும் இல்லாமல்' என்று சொன்னாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"கையில பூ இருந்தால் சரிதானே மூப்பர்? திருநாளுக்கு அவற்ற கையில நான் உயிருள்ள பூ வைக்கிறன். என்ர வளவில பூத்த பூ."

கோயில் சிரித்தது. கூட்டத்துக்கு வந்திருந்த சுவாமியும் சிரித்தார் என்று நினைக்கிறேன், ஆனால் குனிந்துகொண்டு சிரித்தார். எங்கள் கரையில் பனை நிற்கும், உடை மரம் நிற்கும், எருக்கலை நிற்கும். நட்டு வைத்த செவ்வரத்தைச் செடிகூட இலை கருகிப்போகும் இடம். திருநாளுக்கு மாலை வவுனியாவில் இருந்து பஸ்ஸில் வரும், வந்து இறங்கும்போதே வாடியிருக்கும். அந்த மண்ணில் இந்தியாக்காரி பூ வளர்க்கப்போகிறாளாம்.

மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி பிள்ளை. திருநாளுக்கு முதல் நாள், வேஸ்பர் ஆராதனை அண்டு மணி அடிக்கேக்க, அவற்ற கையில உயிருள்ள பூ, வெள்ளைப் பூ, வாசமுள்ள பூ நிண்டால், அவர்தான் கூட்டில ஏறுவார். இல்லாட்டி நீ ஒண்டும் கதைக்கக் கூடாது."

"ஓம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் கிழங்குகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன்.

தென்னைக்குச் செய்தது

இப்போது நாய்ச் சண்டைக்கு வருவோம்.

மாரி மழை ஓய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கிழங்குகளை நட்டேன். முளைக்கட்டும் என்று மடு மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். ஒருநாள் பெண்கள் சேர்ந்து மடுக் கோயிலுக்குப் போனோம். பொழுதுபட்ட பிறகுதான் வீடு வந்தேன். அலுப்பில் அப்படியே படுத்துவிட்டேன். விடிந்ததும் நாய்கள்.

"ஒரு நல்லதுக்குத்தான் செய்தனான்" என்று தொடங்கினார் சூசை.

"என்ன நல்லது?"

"அப்பா தென்னம்பிள்ளை வைக்கேக்க குழிக்குள்ள மீனும் உப்பும் போட்டுத்தான் வைக்கிறவர். ஒரு பிள்ளையும் பட்டுப்போனதில்லை. நீ அந்தக் கிழங்குக்குத் தவம் கிடக்கிறாய். கெதியா வரட்டும் எண்டு, நேற்று எல்லாத்தையும் கிளப்பி, கீழ மீன் வைச்சுத் திரும்ப..."

"உப்பும் போட்டனீங்களோ?"

அவர் வலையைப் பார்த்தார். "ஒவ்வொரு கை."

"ஒவ்வொரு கையோ!" என்றாள் மச்சாள் வேலியில் இருந்து. "டேய், கருவாடு போடவே அவ்வளவு உப்பு வேண்டாமடா."

மீன்பிடிக்கிற வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு காரியம் நடக்கும். எங்கள் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் உப்பைப் போட்டால் நல்லது என்ற நம்பிக்கை. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் கத்தல் வரவில்லை. எனக்குத் தெரியாமல், நான் மகிழ வேண்டும் என்று, வெயிலில் குனிந்திருந்து ஒவ்வொன்றாய்ச் செய்திருக்கிறார்.

ஒரு கிழங்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்ணை அவர் அவ்வளவு அழகாக மூடித் தடவியிருந்தார். அந்த நாய்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால், அடியில் உப்பு இருப்பது தெரியாமல் நான் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பேன். கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே வெந்து அழுகியிருக்கும். நான் விளக்குமாற்றோடு துரத்திய நாய்கள் எனக்குச் செய்தது பெரிய உதவி.

கையில் விளக்குமாறு இருந்ததே, அதைச் சுவரில் சாத்திவிட்டுக் கிழங்குகளைப் பொறுக்கினேன். பெரும்பாலானவை பல் பட்டுப் போயிருந்தன. சின்னக் கிழங்குகள் தப்பியிருந்தன, ஆனால் சின்னது முதல் வருடம் இலைதான் விடும், பூக்காது. பூக்கக்கூடிய பெரிய கிழங்கு மூன்றுதான் முழுசாகக் கிடைத்தது.

கோயில் கிணற்று நல்ல தண்ணீரில் அவற்றைக் கழுவினேன். நிழலில் காயப்போட இடம் தேடினால் கருவாட்டுப் பந்தலின் கீழ்த்தட்டுத்தான் இருந்தது. சம்பங்கிக் கிழங்கு கருவாட்டோடு சேர்ந்து காய்ந்தது. அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தவர்தானே, கோபிக்க மாட்டார்.

மாமாவின் வள்ளம்

சூசை அன்று கடலுக்குப் போகவில்லை. சாப்பாட்டையும் அளைந்துவிட்டு எழும்பினார். பின்னேரம் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஜசிந்தா, அந்தப் பாத்தி மண் இனிச் சரிவராது. அப்பான்ர வள்ளத்தில வைப்பமே?"

என் மாமா, சூசையின் அப்பா, ஓட்டிய பழைய மர வள்ளம் பனையடியில் கிடந்தது. செல் குண்டுத் துண்டு பட்டு அடியில் ஓட்டைகள். இனித் திருத்த ஏலாது என்று வள்ளம் செய்யும் ஓடாவியார் சொல்லிவிட்டார். விறகுக்குத் தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். சூசை ஒரு பலகையைக்கூட யாரையும் தொட விடவில்லை. மாமா செத்தபோது நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அவருக்கு ஒரு பிடி மண் போடக்கூட முடியாத மகன், அந்த வள்ளத்தடியில்தான் போய்க் குந்தியிருப்பார்.

ஆனால் அது றீற்றா மச்சாளுக்கும் தகப்பன் வள்ளம். மாமாவைக் கடைசிவரை பார்த்தவள் அவள். போய்க் கேட்டோம்.

"அப்பான்ர வள்ளத்துக்க மண் கொட்டுறதோ?" என்றாள். சிரித்த வாய் இறுகிவிட்டது. உள்ளே போய்விட்டாள். சூசை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சரி, அவ்வளவுதான் என்று திரும்பி நடந்தோம்.

நாங்கள் வளவுக்கு வந்து சேர முன், பின்னால் வாளிச் சத்தம். மச்சாள் பனையடி மணலை வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்து, வள்ளத்துக்குள் தன் கையால் கொட்டினாள்.

"மீன் ஏத்தின வள்ளம். பூ ஏத்தினால் அப்பா கோவிக்கமாட்டார். நிண்டு பாக்காமல் மண்ணை அள்ளுங்கோவன்."

இப்படி ஊர்க்கதைகள் எழுதுவது இப்போது என் பழக்கம். போன கிழமை எழுதிய கிணற்றுக் கதையில் மச்சாளை வாய்க்காரியாகக் காட்டிவிட்டேன் என்று அவளுடைய மகள் தொலைபேசியில் சண்டைக்கு வந்தாள். பிள்ளை, இதையும் வாசி. உன் அம்மா வாய்க்காரிதான். அந்த வாளியையும் நான் மறக்கமாட்டேன்.

அடியில் உள்ள ஓட்டைகள் தண்ணீர் வடிய நல்ல வசதி. வள்ளம் நிலத்தில் இருந்து உயர்ந்து நின்றதால் கீழே இருந்து உப்பு ஏற முடியாது. மழை பல வருடம் கழுவிய பனையடி மணல். எருவுக்குத்தான் அலைந்தேன். அதற்கும் ஆள் வந்தார். சிலாவத்துறையில் இருந்து ஆடு விற்க வரும் காசிம் நானா. நானா என்றால் அண்ணன்.

அவரும் என்னைப் போலத்தான். சண்டைக் காலத்தில் ஊரை இழந்து, புத்தளத்தில் பல காலம் கிடந்துவிட்டு, தன் ஊருக்குத் திரும்பிப் பற்றைக்காடு வெட்டி வீடு கட்டியவர். வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இதுக்குள்ளயா பூ?"

"ஏன் நானா, வராதோ?"

"வராம என்ன தங்கச்சி? நாம திரும்பி வந்தம், பூ வராதா? அடுத்த முறை ஆட்டெரு கொண்டுவாறன். இன்ஷா அல்லாஹ், பூத்தா எனக்கு ஒரு கிழங்கு தரணும்."

மட்கிய ஆட்டெருவை மணலோடு கலந்தோம். சின்னதுகளையும் சேர்த்து, கிழங்கின் நுனி மட்டும் வெளியே தெரிய நட்டேன். மேலே காய்ந்த பனையோலையை நறுக்கிப் பரப்பினேன். கழுதைக்குப் பயந்து சுற்றிலும் பழைய வலை. காலையிலும் மாலையிலும் நல்ல தண்ணீர். சூசையை வள்ளத்துக்குக் கிட்ட விடவில்லை. சட்டைப்பைக்குள் உப்பு இருக்கிறதா என்று மச்சாள் பார்த்து அனுப்பினாள்.

கழுதையும் காற்றும்

முளை வந்தது. இலை வந்தது. வெயில் ஏறிய காலத்தில் மூன்று பெரிய கிழங்கிலும் நடுவில் இருந்து தண்டு கிளம்பியது. தெருவில் சிரித்தவர்கள் இப்போது வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அது பொறுக்காமலோ என்னவோ, ஒரு விடியற்காலையில் கழுதை வலையின் பொத்தலுக்குள் மூஞ்சியை விட்டு ஒரு தண்டை அடியோடு கடித்துவிட்டது.

மிச்சம் இரண்டு. அதில் ஒன்றைச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எடுத்தது. அந்த மாதங்களில் எங்கள் தீவில் வீசும் காற்றை அனுபவித்தால்தான் தெரியும். சோற்றில் மணல், கண்ணில் மணல், வாயைத் திறந்தால் உப்பு.

அன்று நான் கருவாடு விற்க அடம்பன் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கேயே காற்று மரங்களை ஆட்டத் தொடங்கியது. பஸ் தீவுக்கு வரும் பாலத்தைத் தாண்டும்போது கடல் நுரைத்துக் கிடந்தது. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இறங்கி ஓடினேன்.

வள்ளத்தடியில் ஒரு தறப்பாள் விரிப்பு எழும்பிப் படபடத்தது. அதன் இரண்டு மூலைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்றாள் றீற்றா மச்சாள். தலைமயிர் அவிழ்ந்து, முகமெல்லாம் மணல். அவளுக்குப் பின்னால் ஒரு தண்டு முறிந்து தொங்கியது. மற்றது நிமிர்ந்து நின்றது.

"ஒண்டு போயிற்றுதடி. நான் வர முந்தி முறிஞ்சிற்றுது."

"எவ்வளவு நேரமாய் இப்பிடி நிக்கிறீங்கள் மச்சாள்?"

"உன்ர பூவுக்காண்டி இல்லை. அந்தோனியாருக்காண்டி நிக்கிறன். பாத்துக்கொண்டு நிக்காமல் மற்றப் பக்கத்தைப் பிடி."

பிடித்தேன். எனக்கு அழுகை வந்தது. மணல் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வேஸ்பர் மாலை

திருநாளுக்கு முதல் நாள் மாலையில்தான் வேஸ்பர் ஆராதனை. அது முடியக் கூடு புறப்படும். அன்று மத்தியானம் மூப்பர் எங்கள் வளவுக்கு வந்தார். புதுச் சுரூபம் வந்து, பெட்டிக்குள் வைக்கோலோடு இருந்தது. பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எஞ்சிய ஒற்றைத் தண்டில் மொட்டுகள் பருத்து வெள்ளையாகத்தான் இருந்தன. ஒன்றும் விரியவில்லை.

"பிள்ளை, மொட்டாய் எண்டாலும் வெட்டித் தாவன். வைப்பம். பூ எண்டே சொல்லுவம்" என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று அப்போதுதான் கண்டேன்.

"இல்லை மூப்பர். வாசமுள்ள பூ எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? இது பின்னேரப் பூ. வெயில் சாயாமல் வாய் திறக்காது. மணி அடிக்க முந்திக் கொண்டுவாறன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயம் இல்லை. இந்தியாவில் பூத்த நேரத்துக்கு இங்கேயும் பூக்குமா? அங்கே இல்லாத உப்புக் காற்று இங்கே. ஒருவேளை நாளைக்குத்தான் விரியுமோ? நாளைக்கு விரிந்து என்ன பயன்? அதற்குள் பழையவர் சாமான் அறைக்குள் போயிருப்பார்.

நானும் சூசையும் மச்சாளும் திருநாள் உடுப்போடு வள்ளத்தைச் சுற்றி நின்றோம். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெயில் பனை உச்சிக்கு இறங்கியது. மச்சாள் மூன்றாம் முறையாக மொட்டுகளை எண்ணினாள்.

முதலில் வந்தது வாசம்தான். எங்கள் வளவில், கருவாட்டுப் பந்தலுக்கும் வலைக் குவியலுக்கும் நடுவில், ஒரு சம்பங்கி வாசம். குனிந்து பார்த்தேன். அடி மொட்டு இதழை மெதுவாக விட்டிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

"பூத்திற்றுது!" என்று சூசை கத்திய கத்தில் காகங்கள் பனையை விட்டுப் பறந்தன.

வெட்டினேன். ஓடினோம். மச்சாள் முன்னால் ஓடிச் சனத்தை விலக்கினாள், "வழிவிடுங்கோ, வழிவிடுங்கோ, அந்தோனியாற்ற பூ வருகுது!" என்று. கோயில் வாசலை மிதிக்கும்போது மூப்பரின் கை மணிக் கயிற்றில் இருந்தது. எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

கையின் ஓட்டைக்குள் தண்டை விட்டால் அது கொஞ்சம் ஆடியது. சூசை மடியில் இருந்து நைலோன் நூலை எடுத்தார். வலை பொத்துகிற முடிச்சு ஒன்றைப் போட்டு, அந்தோனியாரின் விரலோடு சேர்த்து இறுக்கினார். எந்தச் சோளகத்துக்கும் அவிழாத முடிச்சு அது. உப்புப் போட்ட அதே கை.

மூப்பர் கிட்ட வந்து பூவை மணந்து பார்த்தார். கண்ணை மூடி இன்னொரு முறை மணந்தார். பிறகு திரும்பி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"பழையவர்தான் கூட்டில ஏறுறார்! இது ஆற்ற வளவுப் பூ எண்டு எல்லாருக்கும் தெரியட்டும். ஆற்றயப்பா இது?"

நான் வாயைத் திறக்க முன்னர், றீற்றா மச்சாள் கோயிலே அதிரச் சொன்னாள்.

"எங்கட ஜசிந்தாவின்ர!"

இந்தியாக்காரி என்ற சொல்லை அதற்குப் பிறகு அந்தக் கரையில் நான் கேட்கவில்லை. மணி அடித்தது. ஆராதனை முடிந்து கூடு தோளில் ஏறியது. எங்கள் தெருக்களால் அவர் போனபோது, வீட்டுக்குள் இருந்தவர்கள் வாசம் பிடித்து வெளியே வந்தார்கள். கிழவர்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். நான் கூட்டுக்குப் பக்கத்தில், சத்தமாகப் பாடிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கடவுள் முன்னிலையில் பெருமைப்படக் கூடாது என்பார்கள். அன்று நான் நன்றாகப் பெருமைப்பட்டேன்.

பூவோடு போன வள்ளங்கள்

அந்தோனியார் கூட்டுப் பூவைக் கொண்டுபோய் வள்ளத்தின் அணியத்தில், அதுதான் முன்பக்கத்தில், கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போவது எங்கள் கரை வழக்கம். வாடிய மாலையும் பிளாஸ்டிக் பூவும் வந்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. திருநாள் பூசை முடிந்ததும் ஆண்கள் தாங்களாகவே வரிசையில் வந்து நின்றார்கள். அதற்குள் முக்கால்வாசி மொட்டும் விரிந்திருந்தது. மூப்பர் ஒவ்வொன்றாய்க் கிள்ளி, ஒரு வள்ளத்துக்கு ஒரு பூவாகக் கொடுத்தார். கடைசியாக எஞ்சிய மொட்டு சூசைக்கு.

மறுநாள் காலையில் கடற்கரையில் நின்று பார்த்தேன். வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளைப் புள்ளி. சூசை என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு அணியத்தைக் காட்டினார். அந்த மொட்டும் விரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து நாய்களுக்குத் திருநாள் இறைச்சியில் மிஞ்சியதைப் போட்டேன். அவையும் பங்காளிகள்தானே.

புதுச் சுரூபத்தை அடம்பனுக்கு அப்பால் புதிதாய்க் குடியேறிய ஒரு கிராமத்துக் கோயிலுக்குக் கொடுத்தோம். அவர்களிடம் சுரூபமே இருக்கவில்லை. காசிம் நானாவுக்கு ஒரு கிழங்கு கேட்டபடி போனது, கூட இரண்டும் சேர்ந்து போனது. சின்னக் கிழங்குகள் பெருத்துக் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. முதலில் மச்சாள் கேட்டாள். பிறகு மூப்பர் கேட்டார், அவர் வளவில் கிடந்த ஒரு உடைந்த தோணிக்கு.

எங்கள் அந்தோனியாரின் கை அதற்குப் பிறகு ஒரு திருநாளிலும் வெறுமையாய் இருந்ததில்லை. எங்கள் கரையில் உடைந்த வள்ளம் ஒன்றுகூட இப்போது விறகுக்குப் போவதில்லை.